நூற்று நாற்பத்திரண்டு பேருக்குத் தெரிந்த எண்

தங்கராஜு அண்ணன் வியாழக்கிழமை மாலை லாரியை நிறுத்திவிட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். கோத்தா திங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவாயிற்று. அந்த இரண்டு மணிக்குள் அவர் மனைவி கஸ்தூரியின் கையில் நான் இரண்டாயிரம் வெள்ளி பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் தாமான் குடியிருப்பின் மரண சகாய சங்கத்துக்கு நான் பொருளாளர். மாதம் ஆளுக்கு ஐந்து வெள்ளி சந்தா. கொஞ்சம் பேரோடு தொடங்கி இப்போது மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் உடலைத் தூக்குவதற்கு முன் பணம் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி. வெறுமனே கொடுத்துவிட்டு வரவும் கூடாது. பொருளாளர் உடலின் தலைமாட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "இது சங்கத்தோட பணம், இரண்டாயிரம் வெள்ளி" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள். பதினோரு வருடத்தில் இருபத்து மூன்று சாவு. ஒன்றுக்கும் தவறியதில்லை.

சங்கத்தின் பெயரில் கணக்கு வைத்தால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட காசோலை வேண்டும், வங்கி திறந்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வார விடுமுறை. சாவு விடுமுறை பார்த்து வருவதில்லையே. ஆகவே என் பெயரில் தனியாக ஒரு கணக்கைத் தொடங்கி, கார்டை என்னிடம் கொடுத்தார்கள். அந்தக் கார்டில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம்வரை எடுக்கலாம் என்று வங்கியில் சொல்லி வைத்திருந்தோம். கார்டின் ஆறு இலக்க ரகசிய எண்ணை ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து நின்று வாசிப்பேன். அது தலைவர் சபாபதி அண்ணன் போட்ட வழக்கம்.

"நம்பரைப் பூட்டி வச்சுக்கிட்டா நாளைக்கு யாராச்சும் ஏன்னு கேப்பாங்க. பொதுக் காசு. நம்பரும் பொதுவா இருக்கட்டும்" என்பார். கூட்டத்தில் கைதட்டுவார்கள். சிலர் எழுதிக்கொள்ளவும் செய்வார்கள். கார்டு என் கைப்பையில் இருக்கும்வரை எண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நானும் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கோத்தா திங்கி போய்ச் சேர்ந்தோம். கார் ஓட்டி வந்தது சங்கச் செயலாளர் யோகேஸ்வரி. பாலர் பள்ளி ஆசிரியை, என்னைவிட எட்டு வயது இளையவள். மாதக் கடைசி, சம்பளம் விழுந்திருந்த நாள். வங்கியின் வெளிக்கூடத்தில் நான்கு பண இயந்திரங்களுக்கும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"அக்கா, நீங்க நில்லுங்க. நான் மாலை வாங்கிட்டு வந்துடுறேன்" என்றாள்.

நான் நிற்கவில்லை. என்னால் நிற்க முடியவில்லை. முன்னால் இருபது பேராவது இருந்தார்கள். ஒரு அம்மா ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கார்டுகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளி, ஊரில் வெள்ளம் வந்த பிறகு தரையை உயர்த்திக் கட்டிய கடை வரிசையின் ஓரத்தில் அதே வங்கியின் ஒற்றை இயந்திரம் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. அங்கே போனேன். ஒருவரும் இல்லை. எதிரே குளிர்பானக் கடையின் வெளி நாற்காலியில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவன் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

கார்டைச் செருகினேன். வழக்கமாக அது விரலிலிருந்து தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்று கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. அப்போதே வெளியே எடுத்திருக்க வேண்டும். இது இப்போது தோன்றுவது. அப்போது என் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது: பத்து நாற்பத்திரண்டு.

திரை மாறவில்லை. கார்டைப் போடவும் என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கார்டு போன வாயில் நகத்தை விட்டுப் பார்த்தேன். முனைகூட அகப்படவில்லை.

அப்போதுதான் அந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. திரைக்குப் பக்கத்தில், வங்கியின் நிறத்திலேயே. கார்டு சிக்கிக்கொண்டால் இந்த எண்ணை அழைக்கவும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. அதன் கீழே இருந்தது ஒரு கைப்பேசி எண். ஒரு வங்கிக்கு எதற்குக் கைப்பேசி எண் என்று நான் நினைக்கவில்லை. அழைத்தேன். இரண்டாவது மணிக்கே எடுத்தார்கள்.

"வணக்கம் புவான், நான் எப்படி உதவலாம்?" என்று மலாயில், அம்மா என்று அழைக்கும் மரியாதையோடு ஒரு குரல். பின்னணியில் அலுவலகச் சத்தம்கூட இருந்தது. இயந்திரம் எந்த இடம் என்று கேட்டார். என் பெயர், அடையாள அட்டை எண் கேட்டார். கார்டு உங்களுடையதுதான் என்று உறுதி செய்ய ஆறு இலக்க எண்ணையும் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் சொந்தக் கார்டின் எண்ணைக் கேட்டிருந்தால் என் கணவருக்கே சொல்லியிருக்க மாட்டேன். இது சங்கத்து எண். வருடாவருடம் மைக்கில் வாசிக்கிற எண். மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது உறுப்பினர் ஒருவர், "என்னா பொருளாளர், நம்பர் மாறிடுச்சா?" என்று கேலி செய்து அதையே ஒப்பித்துக் காட்டியிருக்கிறார். வங்கிக்காரரிடம் மறைக்க அதில் என்ன இருக்கிறது?

"நன்றி புவான். ஆள் நின்றுகொண்டிருந்தால் இயந்திரம் பாதுகாப்பு நிலையிலிருந்து திரும்பாது. தயவுசெய்து விலகிப் போய் அரை மணி நேரம் கழித்து வாருங்கள். கார்டு தானாக வெளியே வரும்."

விலகிப் போனேன். பத்து ஐம்பத்திரண்டு.

தெருமுனையில் நவ்சாத் தம்பியின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அவர் தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். எங்கள் தாமான் விசேஷங்களுக்கு அவர்தான் பிரியாணி அனுப்புவார். பாலில்லாத தேநீர் ஒன்று சொல்லிவிட்டு நான் உட்காருவதும் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"அக்கா, தே ஓ வச்சு பத்து நிமிசம் ஆச்சு. குடிங்களே. யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்ல தம்பி."

அங்கிருந்து பார்த்தால் இயந்திரம் தெரியாது. அது தெரியாமல் இருப்பதே என்னை அரித்தது. அரை மணி நேரம் என்றால் பதினொன்று இருபத்திரண்டு. அங்கிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம். போதும். போதும் என்று எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நவ்சாத் கடையில் இருக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். யோகேஸ்வரி மாலையோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். மாலையை மேசைமேல் வைத்தவள் கையை எடுக்காமல் கேட்டாள்.

"நம்பர் கேட்டானா?"

"கேட்டார். சொன்னேன்."

"எந்த நம்பரை?"

"கார்டு நம்பர்தான். அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"அலமாக்! அக்கா, எல்லாருக்கும் தெரியும், கார்டு உங்க கையில இருந்துச்சு. இப்ப கார்டு யார் கையில இருக்கு?"

எழுந்து ஓடினேன். அவளும் பின்னால் ஓடி வந்தாள். இயந்திரம் அப்படியேதான் நின்றது. ஸ்டிக்கரைக் காணோம். அது ஒட்டியிருந்த இடத்தில் விரல் வைத்தால் பசை. குளிர்பானக் கடை நாற்காலி காலி. ஒரு இந்தோனேசியத் தொழிலாளி அதே வாயில் கார்டைப் போட்டு, பணம் எடுத்து, எண்ணிக்கொண்டு போனார். ஒரு சிக்கலும் இல்லை.

"வாய்க்குள்ள எதையோ வச்சு கார்டைப் புடிச்சிருக்கான். நீங்க போன உடனே உருவிட்டான்" என்றாள் யோகேஸ்வரி. "பேங்குக்கு அடிங்க, சீக்கிரம்."

"எந்த நம்பருக்கு?"

"கார்டு பின்னால இருக்கும்லா!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கார்டின் பின்னால் இருக்கிற எண், கார்டோடு போயிருந்தது. போனில் தேடலாம் என்றாள். தேடியதும் வங்கியின் பெயரில் ஏழெட்டு எண்கள் வந்து நின்றன. எது வங்கி, எது திருடன் என்று யாருக்குத் தெரியும்? ஒரு தடவை பட்டது போதாதா? திரும்ப நவ்சாத் கடைக்கே ஓடினோம்.

"தம்பி, நீங்க எந்த பேங்க்?"

கல்லாவில் இருந்தவர் நாங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்து மறுபேச்சில்லாமல் பணப்பையைத் திறந்தார். அதே வங்கி. கார்டைத் திருப்பி என் கண்முன் பிடித்தார். நான் எண்ணைப் படிக்கப் படிக்க யோகேஸ்வரி அழுத்தினாள். பதினொன்று பத்து.

இந்த எண்ணில் யாரும் இரண்டாவது மணிக்கு எடுக்கவில்லை. மலாய்க்கு ஒன்றை அழுத்தவும், கார்டு தொலைந்திருந்தால் மூன்றை அழுத்தவும். பிறகு இசை. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். இசை. நான் கடைக்குள் மேசைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை நகர்த்தி வழி விட்டார்கள்.

பதினொன்று பத்தொன்பதுக்கு ஒரு பெண் பேசினார். கார்டை உடனே முடக்கினார். பிறகு சொன்னார்: பத்து ஐம்பத்தேழுக்கு ஆயிரத்து ஐந்நூறு. பத்து ஐம்பத்தொன்பதுக்கு ஐந்நூறு. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இயந்திரம். ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் தராது என்பதால் இரண்டாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டு வாங்கிய அளவு முழுவதும். மீதி எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது அப்படியே இருக்கிறது. முடக்கியிருக்காவிட்டால் நள்ளிரவு தாண்டியதும் இன்னொரு இரண்டாயிரம் போயிருக்கும். புதுக் கார்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளைக்கு வர வேண்டும். போலீசில் புகார் எழுதி அதன் நகலும் கொண்டுவர வேண்டும்.

"புவான், வங்கி ஒருபோதும் அந்த எண்ணைக் கேட்காது. நாங்களும் கேட்க மாட்டோம்" என்றார் கடைசியாக. குரலில் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதையே சொல்கிறாரோ.

காவல் நிலையத்தில் இருந்த சார்ஜனுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்படும் நேரம். இருந்தும் பொறுமையாகத் தட்டச்சு செய்தார். நான் ஒவ்வொரு நிமிடத்தையும் வரிசையாகச் சொன்னேன். திருத்தமாகச் சொல்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அந்த எண் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?"

"நூற்று நாற்பத்தோரு பேருக்கு."

அவர் விரல் நின்றது. யோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"ஒருத்தர் நேத்து இறந்துட்டார்" என்று நான் சேர்த்தேன். சரியாக இருக்கட்டும் என்று.

"புவான்," என்றார் அவர், "ஸ்டிக்கரில் இருந்த எண்ணில் பேசியவன்தான் எடுத்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் உங்கள் ஆட்களில் ஒருவர் இல்லை என்று எதை வைத்து எழுதச் சொல்கிறீர்கள்?"

காரில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி இறங்கவில்லை. தலைக்கவசத்துக்குள் இருந்த முகம் எது? உயரம் என்ன? எங்கள் தாமான் பையன் யாராவது? மீன் மார்க்கெட்டில் எண்ணை ஒப்பித்தவருக்கு அந்தத் தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்தேன். திருச்செல்வத்துக்குப் போட்டுப் பார்த்தேன். செயற்குழுவிலேயே வாய் நீளமானவர், ஆனால் நல்லவர். எல்லாருக்கும் பொருந்தியது. எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, இப்ப அதெல்லாம் விடுங்க. பன்னிரண்டரை. எங்கிட்ட ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் கட்ட வச்சிருக்க ஆயிரத்து முந்நூறு இருக்கு. உங்ககிட்ட?"

"எழுநூறு எடுக்கலாம்."

"அப்ப ரெண்டாயிரம் ஆச்சு. வாங்க."

வங்கிக் கூடத்தில் வரிசை குறைந்திருந்தது. என் முறை வந்ததும் நான் இயந்திரத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். கார்டு வாயின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஆடுகிறதா என்று. பொத்தான் பலகையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பின்னால் இருந்த சீனர் இருமினார். கையை மேலே குவித்து மறைத்துக்கொண்டு என் எண்ணை அழுத்தினேன். உள்ளே நோட்டுகள் சரசரவென்று எண்ணப்படும் சத்தம். கார்டு முதலில் வந்தது. பிடுங்கினேன். பணம் வந்தது. கையை நீட்டத் தோன்றாமல் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எடுங்கக்கா! விட்டா அதுவே உள்ள இழுத்துக்கும்!" என்று யோகேஸ்வரி கத்தினாள்.

வழியில் அவள் சொன்னாள்: "நேரா போய் சங்கத்துப் பணம்னே சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை பேங்குக்குப் போய்ட்டு வந்து கூட்டத்துல சொல்லிக்கலாம். இன்னிக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்."

எனக்கும் சரிதான் என்று பட்டது.

ஒன்று முப்பத்தைந்துக்குச் சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தலுக்குக் கீழே தாமானே உட்கார்ந்திருந்தது. சபாபதி அண்ணன் கேட்டிலேயே நின்றிருந்தார். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதியவர். எழுபது வயதிலும் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும்.

"என்னம்மா செல்வராணி இவ்வளவு நேரம்? வண்டிக்காரன் ரெண்டு தடவை கேட்டுட்டான்."

அவரை வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். முகம் சுண்டிப் போயிற்று.

"ராகு காலத்துல போய் மிஷின்ல கைய வச்சிருக்கீங்க" என்றார் முதலில். பிறகு, "கையில இருக்கா ரெண்டாயிரம்?"

"இருக்கு. எங்க சொந்தக் காசு."

"அப்ப வழக்கம்போல குடுத்துடுங்க. இங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நம்பர் தெரிஞ்ச அத்தனை பேரும் இந்தப் பந்தல்லதான் உக்காந்திருக்காங்க. இப்பச் சொன்னா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான். பொண வீட்டுல அது வேணாம்மா."

"அந்த நம்பரை வாசிக்கச் சொன்னது நீங்கதானே அண்ணே?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேனே என்று இருந்தது. அவர் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆமா. நான்தான்" என்றார். "அதுக்காகவும்தான் சொல்றேன்."

பந்தலுக்குத் திரும்பி நடந்தபோது முகங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. திருச்செல்வம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மீன் மார்க்கெட்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். யாரைப் பார்த்தாலும் காலை பத்து ஐம்பத்தேழுக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. சார்ஜன் கேட்ட கேள்வி ஒரு மணி நேரத்தில் என்னை இப்படி ஆக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பாஸ்புத்தகத்தைப் பார்ப்பார்கள். சாவு அன்று காலை இரண்டாயிரம் போனது. அதே சாவுக்கு வேறெங்கிருந்தோ இரண்டாயிரம் வந்தது. பொருளாளர் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவர்கள் பார்க்கப்போவது என் முகத்தைத்தான்.

ஒன்று ஐம்பத்தைந்து. பறை நின்றது. தங்கராஜு அண்ணன் புது வேட்டியில் கிடந்தார். தலைமாட்டுக்குப் போனேன். கஸ்தூரி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள், வழக்கப்படி.

"இது," என்றேன். மறுபடி தொடங்கினேன். "இது சங்கத்தோட பணம் இல்ல."

சபாபதி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னோட எழுநூறு, யோகேஸ்வரியோட ஆயிரத்து முந்நூறு. சங்கத்துப் பணம் ரெண்டாயிரம் இன்னிக்குக் காலைல திருடு போச்சு. கார்டு மிஷின்ல மாட்டிக்கிச்சு. பேங்குன்னு நெனைச்சு ஒருத்தன்கிட்ட போன்ல நம்பரைச் சொன்னது நான்தான். போலீஸ்ல எழுதியாச்சு. மீதிப் பணத்துக்கு ஆபத்து இல்ல."

யாரோ, "என்னாது?" என்றார்கள். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நம்பர்தான் ஊருக்கே தெரியுமே! யாரு எடுத்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று திருச்செல்வம் எழுந்தார். "நம்ம ஆளாவும் இருக்கலாம்லா?"

"இருக்கலாம்" என்றேன். "நானாவும் இருக்கலாம். அதனாலதான் இப்பவே சொல்றேன்."

பந்தல் முழுவதும் தலைகள் திரும்பின, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சபாபதி அண்ணன் சொன்னது நடந்தேவிட்டது. அதை நடத்தியது நான்.

கஸ்தூரி கையை மடக்கவில்லை. அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"குடுங்கக்கா. வண்டிக்கும் பெட்டிக்கும் இப்பவே குடுக்கணும். சங்கம் உங்களுக்குத் திருப்பித் தருமா தராதான்னு நீங்க அப்புறம் சண்டை போட்டுக்குங்க. இவரை வெயில்ல வச்சுக்கிட்டு வேணாம்."

கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்க்காமல் தன் தம்பியிடம் நீட்டினாள். நான்கு பேர் குனிந்தார்கள். பறை மறுபடி தொடங்கியது. இரண்டு மணி ஆக ஒரு நிமிடம் இருந்தது.

எல்லாரும் வண்டியை நோக்கி நகர்ந்தபோது வழக்கமாக என்னோடு நடக்கிற பெண்கள் இரண்டு அடி முன்னால் போய்விட்டார்கள். வேண்டுமென்று போனார்களா, கூட்டத்தில் அப்படி அமைந்ததா என்று தெரியவில்லை. யோகேஸ்வரி மாலையை எடுக்கக் காருக்கு ஓடினாள். சபாபதி அண்ணன் திருச்செல்வத்தின் காதருகில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பந்தலுக்கும் தெருவுக்கும் நடுவே, எந்தப் பக்கம் சேர்ந்துகொள்வது என்று தெரியாமல், திறந்திருந்த கைப்பையை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.